ஹெரால்டுக்கு ஏசி போடுவது பாவமா?

பழைய கார் வைத்திருக்கும் ஆசாமிகள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் சண்டை மூட்டிவிட ஒரு கேள்வி போதும். "அண்ணே, இதுக்கு ஏசி போட்டுடலாமா?" அவ்வளவுதான். ஒரு கட்சி, கோயில் சிலைக்குச் சட்டை மாட்டிவிடச் சொன்னது போலப் பதறும். இன்னொரு கட்சி, "கடலூர் வெயில்ல நீங்க ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடும்.

போடலாம். தாராளமாகப் போடலாம். ஆனால் போடுகிற விதத்தில்தான் பாவ புண்ணியம் இருக்கிறது.

முதலில் வண்டியைப் பற்றி. அம்பாசடரும் பியட்டும் எல்லோருக்கும் தெரியும். மெட்ராஸிலேயே ஒரு கார் செய்தார்கள் என்பது இந்தத் தலைமுறையில் பலருக்குத் தெரியாது. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961ல் ஸ்டாண்டர்டு ஹெரால்டைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் 1959ல் வந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்தியப் பிறவி அது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர், ஜியோவன்னி மிக்கெலோட்டி. பின்பக்கம் சின்னதாக இரண்டு இறக்கை, முன்பக்கம் முகம் சுளித்தது போல இரண்டு விளக்கு. அதே மிக்கெலோட்டி, அதே ஹெரால்டு சேஸைக் குட்டையாக்கி 1962ல் போட்டதுதான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்கிற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சினும் ஒரே வம்சம். ஆக, தாத்தா வீட்டு ஷெட்டில் தூசி படிந்து நிற்கும் ஹெரால்டு ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் கூடப்பிறந்த அண்ணன். ஓட்டினவர்கள் அந்த ஸ்டியரிங்கையும், நின்ற இடத்திலேயே வட்டமடிக்கிற மாதிரி திரும்புவதையும் இன்னும் சொல்லிச் சொல்லி மாய்வதற்கு அதுதான் காரணம்.

இப்போது ஏசி விரோதிகளின் முக்கிய வாதம்: "ஒரிஜினலைக் கெடுக்காதே." நல்ல வாதம்தான். ஆனால் ஒரிஜினல் என்றால் எது? அந்தக் கார் வரையப்பட்டது கவென்ட்ரி ஊரில் ஓடுவதற்கு. அங்கே எஞ்சினிலிருந்து வருகிற சூடு ஒரு வரம். அதைக் குழாய் போட்டு உள்ளே கொண்டுவர ஹீட்டர் வைத்துக்கொண்டார்கள். அந்தச் சூடு கடலூரில் கேட்காமலேயே, இலவசமாக, கால் வழியாக ஏறி வருகிறது. குளிர் நாட்டுக்காரன் தன் ஊருக்கு வேண்டியதைப் பொருத்திக்கொண்டால் அது ஒரிஜினல். உப்புக்காற்று ஊர்க்காரன் தனக்கு வேண்டியதைப் பொருத்தினால் அபசாரமா?

இன்னொன்று, ரோடு. கடலூரிலிருந்து சிதம்பரம் 45 கிலோமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். முதுநகர் தாண்டி, சிப்காட் தாண்டி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று போகிற ரோடு. ஹெரால்டு புதுசாக இருந்த காலத்தில் அது இரண்டு பக்கமும் மரம் நின்ற குறுகலான ரோடு. கண்ணாடியை இறக்கிவிட்டு, நிழலுக்கு நிழல் தாவிக்கொண்டு போகலாம். இப்போது நாலுவழிச் சாலை. அகலம் வந்தது, நிழல் போனது. சிப்காட் பக்கம் கண்ணாடி இறக்கினால் என்ன வாசனை வரும் என்று அந்த வழியாகக் காலேஜ் பஸ்ஸில் போகிறவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 1980களில் அந்தத் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து சுற்றியிருக்கும் ஊர்கள் சொல்லிக்கொண்டிருக்கும் குறை அது. காரை மட்டும் 1961ல் நிறுத்தி வைத்துவிட்டு, ரோடையும் வெயிலையும் காற்றையும் இன்றைய தேதிக்கு மாற்றிவிட்டார்கள். பாதி ஒரிஜினலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒரு பேச்சுக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சக்குப்பம். தாத்தா வாங்கிய ஹெரால்டு ஷெட்டில் இருக்கிறது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது, பிரேக் பிடிக்கிறது, எல்லாம் சரி. வைகாசியில் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். பேரன் ஆசையாக, "ஹெரால்டுலயே போவோம் ஆயா" என்கிறான். ஆயா கேட்கிற ஒரே கேள்வி, "அதுல ஏசி இருக்காடா?" இல்லை. பட்டுப்புடவை, தலையில் பூ, அக்னி நட்சத்திர வெயில், ஒரு மணி நேரம். ஆயா மட்டுமில்லை, அம்மாவும் அத்தையும்கூட வாடகைக்கு எடுத்த இன்னொரு காரில் ஏறிவிடுவார்கள். ஹெரால்டு ஷெட்டிலேயே நிற்கும். அடுத்த கல்யாணத்துக்கும் இதே கதை. இரண்டு வருஷத்தில் பாட்டரி போகும், மூன்றாம் வருஷம் பெட்ரோல் டாங்கில் துரு, நாலாம் வருஷம் பிரேக் சிலிண்டர் இறுகிவிடும். ஐந்தாம் வருஷம் காயலான் கடைக்காரர் வந்து எடை போட்டுவிட்டுப் போவார்.

கடலோர ஊரில் நிற்கிற காரைத்தான் துரு முதலில் தின்னும், ஓடுகிற காரை அல்ல. ஓடுகிற காரை மாதம் ஒரு தடவையாவது யாராவது குனிந்து பார்க்கிறார்கள், கழுவுகிறார்கள், கிரீஸ் வைக்கிறார்கள். நிற்கிற கார் மேல் போர்வை இருக்கும். போர்வைக்குள் ஈரம் இருக்கும். 2011 டிசம்பர் 30ல் தானே புயல், 2015ல் வெள்ளம் என்று கடலூர் பார்த்ததெல்லாம் வேறு. பழைய காருக்கு உண்மையான எதிரி ஏசி மெக்கானிக் அல்ல. "இதுல யாரு போவாங்க" என்கிற அந்த ஒரு வாக்கியம்தான்.

சரி, வண்டி தாங்குமா? ஆரம்பகால ஹெரால்டு எஞ்சின் 948 சிசி, சக்தி 35 குதிரைத்திறனை ஒட்டி. ஏசி கம்ப்ரஸர் முழுசாக இழுக்கும்போது மூன்று, நாலு குதிரைத்திறனைச் சாப்பிட்டுவிடும். பத்தில் ஒரு பங்கு. கேட்கவே பயமாக இருக்கிறதா? மாருதி 800ஐ நினைத்துப் பாருங்கள். 796 சிசி, மூன்றே சிலிண்டர், 37 குதிரைத்திறன். அதில் ஏசி வைத்து இந்தியா முழுக்க ஓட்டினார்கள். 2009ல் வந்த டாட்டா நானோ 624 சிசி. அதிலும் ஏசி இருந்தது. ஹெரால்டு இவற்றைவிட எடை கூடின வண்டி என்பது உண்மை. அதனால் ஏசி ஓடும்போது ரேஸ் கார் மாதிரி பாயாது. மாருதி 800 வைத்திருந்த எல்லா அப்பாக்களும் மேம்பாலம் வந்தால் கை தானாகப் போய் ஏசியை அணைப்பார்களே, அந்தப் பழக்கத்தை மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியதுதான். அதுகூட வேண்டாம் என்றால், ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதிக்கும்போது கம்ப்ரஸரைத் தானாகத் துண்டிக்கிற மாதிரி ஒரு சுவிட்சும் ரிலேயும் வைத்துவிடலாம். பஸ்ஸை முந்தும்போது அந்த மூன்று குதிரை திரும்பி வந்துவிடும்.

பெரும்பாலான இடங்களில் கெட்டுப்போவது எஞ்சின் பலத்தால் அல்ல, கரண்டால். பழைய ஹெரால்டில் இருப்பது டைனமோ. ஏறக்குறைய 20 ஆம்பியர் கொடுத்தால் பெரிய விஷயம், அதுவும் எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான். ஏசி ப்ளோயர், கம்ப்ரஸர் கிளட்ச், கண்டன்ஸருக்கு ஒரு எலக்ட்ரிக் ஃபேன் எல்லாம் சேர்ந்தாலே அந்த 20ஐத் தாண்டிவிடும். ராத்திரி விளக்கும் வைப்பரும் போட்டால் பாட்டரி செத்துவிடும். ஆகவே ஏசி போடுவதென்று முடிவெடுத்தால் முதலில் வாங்க வேண்டியது ஏசி இல்லை, ஆல்டர்னேட்டர். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகளில் பலவற்றில் பாட்டரியின் பிளஸ் பக்கம் பாடியில் எர்த் ஆகியிருக்கும். அதைக் கவனிக்காமல் ஆல்டர்னேட்டரை மாட்டினால் புகை வரும், பிறகு மெக்கானிக்குக்கும் உரிமையாளருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

அடுத்தது ரேடியேட்டர். ஏசி என்பது உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிற வேலை. கொட்டுகிற இடம் கண்டன்ஸர். அது உட்காருகிற இடம் ரேடியேட்டருக்கு முன்னால். ஆக ரேடியேட்டருக்குப் போகிற காற்றே சுட்ட காற்று. நாலுவழிச் சாலையில் 60ல் போகும்போது ஒன்றும் தெரியாது. சிதம்பரம் போய், ஆனித் திருமஞ்சனம் நடக்கிற நாளில் கீழ வீதி பக்கம் மாட்டிக்கொண்டு, ஆட்டோவுக்குப் பின்னால் அரை மணி ஊர்ந்தால் தெரியும். டெம்பரேச்சர் முள் தேர் மாதிரி மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறும். ரேடியேட்டருக்குக் கூடுதலாக ஒரு அடுக்கு, நல்ல எலக்ட்ரிக் ஃபேன், காற்று பக்கவாட்டில் தப்பிக்காமல் இருக்க சுற்றி ஒரு தகடு, இந்த மூன்றும் இல்லாமல் ஏசியை மட்டும் மாட்டிக்கொடுக்கிற கடையிலிருந்து மரியாதையாக வணக்கம் சொல்லி வெளியே வந்துவிட வேண்டும். ஹெரால்டில் ஒரு வசதி உண்டு: பானெட், மட்கார்டு எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். கிரில்லும் அதோடு சேர்ந்தே போய்விடுவதால் கண்டன்ஸரை கிரில்லில் மாட்ட முடியாது. கீழே நிற்கிற பகுதியில்தான் தாங்கி வைக்க வேண்டும்.

மூன்றாவது சமாச்சாரம் சின்னது, யாரும் கண்டுகொள்வதில்லை: தண்ணீர். கடலூர்க் காற்றில் வெப்பத்தைவிட ஈரம்தான் தொந்தரவு. அந்த ஈரம் கூலிங் காயிலில் பட்டு நீராகச் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்த நீர் ஒரு ஹோஸ் வழியாக வண்டிக்கு வெளியே போக வேண்டும். ஹோஸ் மடங்கியிருந்தாலோ, அடைத்திருந்தாலோ அது கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கி, அறுபது வருஷம் உப்புக்காற்று தின்ன முடியாத தரைத் தகட்டை இரண்டே மழைக்காலத்தில் தின்றுவிடும். காரைக் காப்பாற்றத்தான் ஏசி என்று மேலே வாதாடியதெல்லாம் ஒரு அடி ரப்பர் குழாயில் தோற்றுப்போகும்.

காஸ் பற்றி ஒரு வார்த்தை. காயலான் கடையில் பழைய அம்பாசடரிலிருந்து கழற்றின ஏசி செட் மலிவாகக் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. டாஷ்போர்டுக்குக் கீழே டிரங்குப் பெட்டி மாதிரி தொங்குமே, அது. அவற்றில் மிகப் பழையவை ஆர்-12 காஸுக்குச் செய்தவை. ஓசோன் படலத்தை ஓட்டை போடுகிறது என்று 1987 மாண்ட்ரியால் ஒப்பந்தத்தில் அதற்கு நாள் குறித்தார்கள். இந்தியா 1992ல் அதில் சேர்ந்தது. வளரும் நாடுகளுக்கும் 2010தான் கடைசிக் கெடு. பிறகு வந்த ஆர்-134ஏவுக்கு எண்ணெய் வேறு, ஹோஸ் வேறு. பழைய பெட்டியில் புதுக் காஸை அப்படியே ஏற்றினால் ஒரு சீசன்கூடத் தாங்காது. புதுக் காஸும் சாது இல்லை. அது வெளியேறினால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல். கசிகிற ஏசியோடு "இயற்கைக் காற்று" பற்றிப் பேசக்கூடாது. :-)

ஏசி என்றாலே நவீனக் கண்டுபிடிப்பு, அதைப் பழைய காரில் வைப்பது காலக் குழப்பம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் பேக்கார்டு கம்பெனி 1940 மாடல் கார்களிலேயே ஏசி கொடுத்தது. கூலிங் காயில் டிக்கியில் இருந்தது, பாதி இடத்தை அடைத்துக்கொண்டு. கம்ப்ரஸருக்கு கிளட்ச் கிடையாது. ஏசி வேண்டாம் என்றால் எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். ஹெரால்டு பிறப்பதற்கு இருபது வருஷம் முன்னாலேயே கார் ஏசி பிறந்துவிட்டது. வயதில் மூத்தது ஏசிதான்.

இத்தனை சொன்ன பிறகும், எதிர்க்கட்சி சொல்வதில் ஒன்று முழுக்க நியாயம். வெட்டக்கூடாது. ஏசி போடுகிறேன் என்று டாஷ்போர்டை ரம்பம் வைத்து அறுப்பது, ஃபயர்வாலில் கை நுழைகிற அளவு ஓட்டை போடுவது, சேஸில் பிராக்கெட்டை வெல்டிங் அடிப்பது, இவையெல்லாம் மன்னிக்க முடியாத வேலை. வண்டலூர்த் தொழிற்சாலை 1980களின் கடைசியில் மூடியாகிவிட்டது. அறுத்த டாஷ்போர்டுக்கு இன்னொன்று எங்கிருந்தும் வராது. ஏசி குடக்கூலிக்கு வந்தவன் மாதிரி இருக்க வேண்டும்: எஞ்சினில் ஏற்கனவே இருக்கிற போல்ட் ஓட்டைகளைப் பிடித்துக்கொண்டு கம்ப்ரஸர் பிராக்கெட், டாஷ்போர்டுக்குக் கீழே தனியாகத் தொங்குகிற பெட்டி, ஏற்கனவே இருக்கிற ரப்பர் கிராமெட் வழியாக முடிந்தவரை ஹோஸ், தனி ஃபியூஸோடு தனி வயரிங். நாளைக்குப் பேரனின் பேரன் வந்து "இதைக் கழற்றிடலாம்" என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கழற்றிவிடும்படி இருக்க வேண்டும். ஹெரால்டில் பாடி சேஸ் மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிற வண்டி; கழற்றி மாட்டுவது அதன் பிறவிக் குணம். அதோடு ஒத்துப்போகிற மாதிரி வேலை செய்தால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2021 ஜூலையில் மத்திய அரசு பழமையான வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், மூல வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸ், பாடி, எஞ்சினில் மாற்றம் கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் விஏ என்று இரண்டு எழுத்து. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான். ஆயாவைக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போவது அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே இரண்டு வழி, இரண்டில் ஒன்று. ஊர்வலத்துக்கும் பரிசுக்கும் என்றால் ஏசி பேச்சே வேண்டாம், ஒரு ஆணிகூட மாற்றாமல் வைத்திருங்கள். ஓட்டுவதற்கு என்றால் சாதாரணப் பதிவையே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்து வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். அப்போதும் தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்களை மாற்றக்கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தலைக்கு மேல் இருக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. வெட்டாமல், வெல்டிங் அடிக்காமல் செய்யுங்கள் என்பதற்கு இது இன்னொரு காரணம். சந்தேகம் இருந்தால் வேலையை ஆரம்பிக்கும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிடுவது நல்லது, முடித்துவிட்டுக் கேட்பதைவிட.

பி.காம். பசங்களுக்கு மட்டும் ஒரு இடைச்செருகல் (மற்றவர்கள் அடுத்த பத்திக்குத் தாவலாம்). காருக்கு வருமான வரிக் கணக்கில் தேய்மானம் 15 சதவீதம், குறைந்து செல் மதிப்பு முறையில். 10,000 ரூபாய்க்கு வாங்கிய காரை இந்த விகிதத்தில் 50 வருஷம் தேய்த்துக்கொண்டே வந்தால் ஏட்டில் மிஞ்சுவது 3 ரூபாய். அந்த 3 ரூபாய்ச் சொத்தின் மேல் ஏசி, ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர் என்று செய்கிற செலவு முதலினச் செலவா, வருவாயினச் செலவா? பாடப்புத்தகப்படி, சொத்தின் பயன் கூடினால் முதலினம். இருந்த நிலையில் வைத்திருக்க மட்டும் செய்தால் வருவாயினம். எதிர்க்கட்சி, "பயன் கூடவில்லை, மதிப்பு குறைந்தது" என்று நஷ்டக் கணக்கில் எழுதும். ஷெட்டில் நின்ற வண்டி ரோட்டுக்கு வந்தால் பயன் கூடாமல் வேறென்ன? ஆடிட்டர் ஒத்துக்கொள்வாரா என்பது தனிக்கதை.

யார் போடக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கூரை திறக்கிற வண்டி வைத்திருக்கிறவர்கள் வேண்டாம். மொட்டைமாடியில் ஏசி வைத்தது போலாகும். எஞ்சின் ஏற்கனவே புகை விடுகிறது, சும்மா ஓட்டினாலே கொதிக்கிறது என்றால் முதலில் எஞ்சின் வேலை, அடுத்த வருஷம் ஏசி. ஒரு திருகாணிகூட மாறாமல் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிற அபூர்வ வண்டி என்றாலும் தொடவேண்டாம்; அது கோயம்புத்தூர் ஜீ.டி. கார் மியூசியத்தில் நிற்கிற வண்டிகளின் ஜாதி. நூறு முறை டிங்கரிங் பார்த்து, பெயிண்ட் மாற்றி, யாரோ ஸ்டீரியோ வைக்க ஏற்கனவே டாஷ்போர்டைத் துளைத்து, சீட்டுக்கு ரெக்ஸின் மாற்றிய வண்டிக்கு மட்டும் திடீரென்று கற்பு பேசுவதில்தான் அர்த்தமில்லை. அப்படிப்பட்டவைதான் ஊரில் அதிகம்.

கதவு ரப்பர், கியர்பாக்ஸ் மூடியைச் சுற்றியுள்ள இடைவெளி, ஃபயர்வால் ஓட்டைகள் எல்லாவற்றையும் முதலில் அடைத்துவிட்டு, தரைக்கும் கூரைக்கும் வெப்பம் தடுக்கும் விரிப்பு போட்டுவிடுங்கள். சில வண்டிகளில் இதற்கே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இதைச் செய்யாமல் ஏசி போட்டால் புதுச்சத்திரம் வரைக்கும் ரோட்டைக் குளிர வைத்துக்கொண்டு போவீர்கள்.

முதல் ஓட்டத்தைக் கத்திரி வெயிலில் வைக்காதீர்கள். தை மாதம் ஒரு விடியற்காலை, கடலூரிலிருந்து பி.முட்லூர் வரை போய்த் திரும்பி, பெல்ட் கத்துகிறதா, கார்ப்பெட் நனைந்திருக்கிறதா, டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பங்குனியில் மதியம் ஒரு தடவை. அதற்குப் பிறகு ஆயாவைக் கூப்பிடலாம். கழற்றிய டைனமோ, பழைய புல்லி, கண்ட்ரோல் பாக்ஸ், ஒரு ஆணி விடாமல் எல்லாவற்றையும் எண்ணெய் தடவிப் பெட்டியில் போட்டு, மேலே வண்டி நம்பரை எழுதிப் பரணில் வையுங்கள். பழைய பேப்பர்க்காரர் வருகிற நாளில் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள், அந்தப் பெட்டி விற்பனைக்கு இல்லை என்று.